கல் ஒன்று நூற்றெட்டு தினார்

ஹூராவில் ஸ்நூக்கர் கிளப்பை மூடியபோது
மூன்று மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
மேஜையை எடுத்துக்கொள் என்றார் முதலாளி.
மரச்சட்டத்தைச் சமையல்காரர்
முந்தைய நாளே கொண்டுபோய்விட்டார்,
அவருக்கு இரண்டு மாதம்.
பச்சைத் துணியை யாரோ.
எனக்கு மிஞ்சியது அதற்கடியில் கிடந்தது:
ஸ்லேட், ஐந்து பலகை.

ஐந்நூற்று நாற்பதை ஐந்தால் வகுத்தேன்.
கல் ஒன்று நூற்றெட்டு தினார்.
மீதியில்லாமல் வகுபட்டதில்
அன்றைக்கு ஒரு ஆறுதல்,
கணக்கெழுதுகிறவனின் மூடத்தனம்.

லிஃப்ட் தாங்காது என்றான் வாட்ச்மேன்.
ஆறு பேர், கயிறு, இரண்டு பழைய மெத்தை.
நாலு மாடியும் ஏறி
குதைபியாவின் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே
மொட்டை மாடியில் சாத்தி வைத்தோம்.

அத்லியாவில் ஒரு காபிக் கடை.
பீங்கானில் வைத்தால் ஒன்றரை தினார்,
அதே பாலாடைக்கட்டியைக்
கல்லில் வைத்தால் மூன்றாம்.
நாற்பது கேட்டார்கள், அரை விரல் கனத்தில்.
"உரிச்சா வரும்டா, வெங்காயம் மாதிரி"
என்றான் யாகப்பன்.
வெங்காயத்துக்கு எங்கே உரிய வேண்டுமென்று தெரியும்.

காய்ந்த கல் கேட்காது, ஊற வேண்டும்.
மூன்று ஏசிகளின் சொட்டுநீரை ஒரே குழாயில் சேர்த்து
பாசுமதிக் கோணிகளின் மேல் விட்டேன்.
ஜெனோவா தன் வெண்ணெய்க் கத்திகள் பன்னிரண்டில்
ஒன்பதைக் கொடுத்தாள்,
மூன்றை விருந்தாளிக்கென்று நிறுத்திக்கொண்டாள்.

ஓரத்தில் மெலிதாக ஒன்று சீவிவிடலாம் என்று
ஆசைப்படக் கூடாது.
விரிசல் மெலிந்த பக்கமே ஓடும்.
நடுவில் தட்டு. பாதி, பிறகு பாதியில் பாதி.
நாற்பத்தைந்து மில்லி
இருபத்திரண்டரை
பதினொன்றேகால்
ஐந்தரைச் சொச்சம்.
தெரிந்துகொண்டது முதல் கல்லைக் கெடுத்த பிறகு.
விரிசல் போல்ட் ஓட்டையைத் தேடிப் போய்
அங்கிருந்து வேறு பேச்சு பேசியது.
நூற்றெட்டு தினார், ஏழு துண்டாக.

மூன்றாம் மாடி ஷஹாபுத்தீன்
இரவெல்லாம் அடுப்படியில் ரொட்டி தட்டுகிறவர்,
பகல்தான் அவருக்கு ராத்திரி.
நாலு மணிக்கு அவர் செருப்பு
படியிறங்கும் சத்தம் கேட்டால்தான் சுத்தியலை எடுப்பேன்.
விளிம்பைச் சுற்றி டக், டக்,
ஒரே இடத்தில் இரண்டு முறை இல்லை.
மக்ரிப் பாங்கு வரை எனக்கு நேரம்.

அந்த வியாழன் செருப்பு இறங்கவில்லை.
காய்ச்சல் என்றார்கள்.
நாலரை, ஐந்து, ஐந்தேமுக்கால்.
இரண்டாம் கல் ஆறு ஆப்பையும் ஒன்பது கத்தியையும்
கவ்விக்கொண்டிருந்தது.
அப்படியே விட்டுவிட்டு வந்து
மீன் குழம்பு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் மாத இரவு,
காற்றே ஈரத்துணி.
மூன்று மணிக்கு மேலே ஒரு சத்தம்,
பெரிதாக ஒன்றுமில்லை,
போர்வையை யாரோ ஒருமுறை உதறியது போல.
ஓடினேன்.
யாரும் தொடாமல், முழு நீளத்துக்கும்
திறந்து கிடந்தது கல்.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
மூன்று வாரம் ஊறியதில் தண்ணீர்
விளிம்பிலிருந்து நாலு விரல்தான் போயிருக்கிறது.
அதற்குள்ளே எல்லாம் சாம்பல் நிறம், உலர்ந்தது.
உள்ளங்கையை வைத்தேன். சூடு.
வெளியே தணிந்துவிட்ட பகல்
அங்கே இன்னும் இருந்தது.

பின்னால் இருமல்.
கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஷஹாபுத்தீன்.
குனிந்து தானும் கை வைத்தார்,
அடுப்பு பார்க்கிற கை, சட்டென்று எடுக்கவில்லை.
"இது பாக்கி தேறுமா?" என்று கேட்பார் என நினைத்தேன்.
மாவு வெட்ட ஒரு துண்டு கிடைக்குமா என்றார்.
கெட்டுப்போன ஏழில் பெரியதைக் கொடுத்தேன்.
மறுநாளிலிருந்து செருப்புச் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்றார்.
காத்திருக்கிறேன், பழகிவிட்டது.

நாற்பது கொடுத்தேன்.
மூன்றைக் கோணல் என்று திருப்பினார்கள்.
முப்பத்தேழு, இரண்டு தினார் வீதம்.
"மாதக் கடைசியில் தருகிறோம்."

மிச்சமிருந்த ஆறு துண்டில் ஒன்றைக்
கதவருகே சாய்த்து வைத்து
மேஜை இடுக்கில் கிடைத்த நீலச் சாக்கட்டியால்
காபிக் கடை, எழுபத்து நாலு, என்று எழுதினேன்.
தேதிக்கு இடம் விட்டிருக்கிறேன்.